மாநகராட்சி ‘முடியாது’ என்றால்? போராட்ட உரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்வலமோ ஆர்ப்பாட்டமோ உண்ணாவிரதமோ நடத்த நினைப்பவர்கள், நகராட்சி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் முதல் தடவை போய்விட்டு வந்ததும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பல வருடங்களாக இந்த விண்ணப்பங்களை எழுதி, பாதிக்கு மேல் மறுப்புக் கடிதம் வாங்கியவன். லத்தியால் நின்றுபோன போராட்டங்களைவிட, விண்ணப்பப் படிவத்தில் சிக்கி நின்றுபோனவைதான் நான் பார்த்ததில் அதிகம். அதனால் கீழே காகிதத்தைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். தமிழ் படிப்பவர்கள் பல நாடுகளில் இருப்பதால் எடுத்துக்காட்டுகளையும் பல நாடுகளிலிருந்து எடுத்திருக்கிறேன்.

போராட்டம் நடத்த அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

அனுமதி கேட்பது வேறு, தகவல் சொல்வது வேறு. உங்கள் ஊர்ச் சட்டம் இரண்டில் எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். ஜெர்மனியில் திறந்தவெளிக் கூட்டத்துக்கு அனுமதி தேவையில்லை. பொதுமக்களுக்கு அழைப்பு விடுப்பதற்கு 48 மணி நேரம் முன்பு அதிகாரிகளுக்குத் தெரிவித்தால் போதும். இந்தியாவில் ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் உரிமை. ஆனால் மாநிலங்களின் காவல் சட்டங்களும் நகர விதிகளும் பல இடங்களில் முன் அனுமதி கேட்கின்றன. சிங்கப்பூரின் 2009ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி ஒரே ஒரு ஆள் பதாகையோடு நின்றாலும் அது ‘கூட்டம்’தான். தனியாக நின்று கூட்டமாகிவிடும் வித்தை அங்கேதான் உண்டு.

ஐ.நா. மனித உரிமைக் குழு 2020இல் வெளியிட்ட 37ஆவது பொதுக் கருத்துரை இதில் ஒரு நல்ல அளவுகோல். முன்கூட்டியே தகவல் தரச் சொல்லலாம். தரவில்லை என்பதற்காக மட்டும் ஒரு கூட்டம் சட்டவிரோதமாகிவிடாது என்கிறது அது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும் 2025இல் ஏறக்குறைய இதே வழியில் போனது. முன்னறிவிப்பு தராததைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லிவிட்டது.

நடைமுறையில் ஒன்று கவனியுங்கள். சட்டம் தகவல் மட்டும் கேட்கிற இடத்தில் ‘அனுமதி கோரி விண்ணப்பம்’ என்று தலைப்புப் போடாதீர்கள். ‘தகவல் கடிதம்’ என்று எழுதுங்கள். மறுக்கிற அதிகாரத்தை நாமே அவர்கள் கையில் கொடுப்பானேன்?

தெரு நகராட்சிக்குச் சொந்தம்தானே? அவர்கள் வேண்டாம் என்றால் என்ன செய்ய முடியும்?

1937இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியிலும் இதையேதான் சொன்னார்கள். அங்கே ஃபிராங்க் ஹேக் என்பவர் 1917 முதல் 1947 வரை, முப்பது வருடம், மேயராக இருந்தார். அவரைக் கேட்காமல் ஊரில் எதுவும் நடக்காது. தொழிற்சங்கக்காரர்கள் கூட்டம் போட வந்தார்கள். மறுப்பது கலவரத்தைத் தடுக்கும் என்று பாதுகாப்பு அதிகாரி நினைத்தாலே போதும், அனுமதியை மறுத்துவிடலாம் என்று அந்த நகரத்தில் ஒரு விதி இருந்தது. அவர் அப்படியே நினைத்தார். துண்டறிக்கை கொடுத்தவர்களைப் போலீஸார் பிடித்துப் படகில் ஏற்றி நியூயார்க்குக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1939இல் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஓவன் ராபர்ட்ஸ் எழுதியதன் சாரம் இதுதான்: தெருவும் பூங்காவும் பத்திரத்தில் யார் பெயரில் இருந்தாலும் சரி, நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து அவை மக்கள் கூடவும் பேசவும் பொது விஷயங்களை விவாதிக்கவும் அறக்கட்டளைச் சொத்துப் போல வைக்கப்பட்டிருப்பவை. நகராட்சி அவற்றை ஒழுங்குபடுத்தலாம். ஒழுங்குபடுத்துகிறேன் என்ற பெயரில் அந்த உரிமையை இல்லாமல் ஆக்க முடியாது.

இந்தியாவில் இதற்கு இணையானது 1972இல் வந்த ஹிம்மத்லால் ஷா வழக்கு. அகமதாபாத்தில் பொதுத் தெருவில் கூட்டம் நடத்த அனுமதி மறுத்தார்கள். எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்று விதியில் ஒரு வார்த்தைகூட இல்லை, எல்லாம் அதிகாரியின் விருப்பம். அப்படி ஒரு கடிவாளமும் இல்லாத அதிகாரத்தைத் தருவதால் அந்த விதி செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ‘இது எங்க இடம்’ என்று யாராவது கவுன்ட்டரில் சொன்னால் இந்த வழக்கின் பெயரை மட்டும் அமைதியாகச் சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் அவர்கள் மறுக்கவே முடியாதா?

முடியும். அதே நேரம், அதே இடத்தில் வேறொருவர் முன்பே பதிவு செய்திருந்தால் மறுக்கலாம். சென்ற தடவை நீங்கள் உடைத்த வேலிக்குப் பணம் கட்டாமல் இருந்தால் மறுக்கலாம். விண்ணப்பத்தில் பொய் சொன்னால் மறுக்கலாம். சிகாகோ பூங்கா நிர்வாகம் காரணங்களை இப்படிப் பட்டியலாகவே எழுதி வைத்திருந்தது. அந்த விதி செல்லும் என்று 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. என் கட்சி எதுவோ, நான் திட்டப்போவது யாரையோ, அது அந்தப் பட்டியலில் கிடையாது. அதனால்தான் விதி தேறியது.

மறுப்புக் கடிதத்தில் ‘பொதுநலன் கருதி’, ‘சட்டம் ஒழுங்கு கருதி’ என்று மட்டும் இருந்தால் அது காரணமே இல்லை. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்று எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டார்கள். அந்த மௌனமே பிறகு நீதிமன்றத்தில் உதவும்.

மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கடைசி நாள் வரை இழுக்கிறார்கள். என்ன செய்வது?

எல்லாரையும் விட அதிகமாக அடிபடுகிறவர்கள் இந்தக் கேள்விக்காரர்கள்தான்.

போலந்தின் வார்சாவில் 2005 ஜூன் மாதம் தன்பாலின ஈர்ப்பாளர்கள் உள்ளிட்டோரின் உரிமைக்காகச் சமத்துவ ஊர்வலம் நடத்த ஓர் அமைப்பு மே மாதத்திலேயே விண்ணப்பித்தது. அப்போது மேயராக இருந்தவர் லெஹ் கச்சின்ஸ்கி. பிற்பாடு நாட்டின் அதிபரே ஆனார். விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தாலும் தடை செய்வேன் என்று ஒரு நாளிதழ்ப் பேட்டியில் சொல்லிவிட்டார். ஜூன் 3ஆம் தேதி பதில் வந்தது. அதில் பேட்டியைப் பற்றி எதுவும் இல்லை. ‘போக்குவரத்து ஒழுங்குத் திட்டம்’ என்ற ஆவணத்தை நீங்கள் இணைக்கவில்லை, அதனால் மறுக்கிறோம் என்று இருந்தது. அந்த நகரத்தில் வேறு பல ஊர்வலக்காரர்களிடம் அந்த ஆவணத்தை யாரும் கேட்டதே இல்லை. ஊர்வல நாள் ஜூன் 11. மேல்முறையீட்டில் மறுப்பு தவறு என்று தீர்ப்பு வந்தது உண்மைதான். ஆனால் அது வந்தபோது ஜூன் 11 தாண்டிப் போயிருந்தது. 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதில் மூன்று தவறுகளைக் கண்டது. தடுத்தது ஒன்று. தேதிக்கு முன்பே முடிவு கிடைக்கிற மாதிரி முறையீட்டு வழி இல்லாதது இரண்டாவது. பாரபட்சம் காட்டியது மூன்றாவது. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். போராட்டத்துக்குத் தேதிதான் உயிர். அடுத்த மாதம் கிடைக்கிற அனுமதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் கதை ஒன்று. ஒரு நகராட்சி அலுவலகத் தபால் பிரிவில் கடிதம் கொடுத்தேன். ஊழியர் வாங்கி வைத்துக்கொண்டு, “போங்க, சொல்லி அனுப்புறோம்” என்றார். நகலில் முத்திரை வேண்டும் என்றேன். முத்திரை இருக்கிற மேசைக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மூன்றே முக்கால் மணிக்கு மேசைக்காரர் வந்தார், மை காய்ந்த பட்டையில் நாலு தடவை அழுத்திக் குத்தினார். பார்த்தால் முந்தைய நாள் தேதி! காலையில் தேதிச் சக்கரத்தைத் திருப்ப மறந்திருக்கிறார்கள். ஒரு நாள் முன்னால்தானே, நமக்கு லாபம்தானே என்று வந்துவிடலாம். வரவில்லை. பேனாவால் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னேன். முனகிக்கொண்டே போட்டார். பதினெட்டு நாள் கழித்து, ஊர்வலத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்த மறுப்பில் ‘விண்ணப்பம் உரிய காலத்தில் பெறப்படவில்லை’ என்று இருந்தது. அந்த முத்திரை, அந்தத் திருத்தம், அந்தச் சுருக்கொப்பம் மூன்றும் இருந்ததால் இரவு எட்டரைக்குள் அதை அவர்களாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தேதி தவறாகவே இருந்திருந்தால் ‘போலி முத்திரை’ என்று கதை வேறு மாதிரி போயிருக்கும்.

ஆகவே: ஒப்புகை இல்லாமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். நேரில் வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ‘இன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நீதிமன்றத்தை அணுகுவோம்’ என்ற ஒரு வரியைக் கடைசியில் சேருங்கள். அந்தத் தேதி ஊர்வலத்துக்குக் குறைந்தது ஐந்தாறு நாள் முன்பாக இருக்கட்டும். அவசர மனு போட வழக்கறிஞருக்கு அவ்வளவாவது வேண்டும்.

பாதுகாப்புக் கட்டணம், வைப்புத்தொகை, காப்பீடு எல்லாம் கேட்கிறார்களே?

நிர்வாகச் செலவுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குவதைப் பல நீதிமன்றங்கள் ஏற்கின்றன. சிக்கல் எப்போது வருகிறது என்றால், தொகையை அதிகாரி தன் மனம் போலக் கூட்டிக் குறைக்கும்போது. ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுன்ட்டியில் ஒரு நாளைக்கு 1,000 டாலர் வரை வாங்கலாம் என்று விதி. எவ்வளவு என்பதை அதிகாரியே முடிவு செய்வார். எதிர்ப்பு அதிகம் வரும் என்றால் போலீஸ் அதிகம் வேண்டும், போலீஸ் அதிகம் என்றால் கட்டணமும் அதிகம். அப்படியானால் பிடிக்காத கருத்துக்கு விலை கூடுகிறது, இது செல்லாது என்று 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கை ஜெயித்தது, மார்ட்டின் லூதர் கிங் பிறந்த நாள் விடுமுறையை எதிர்த்து ஊர்வலம் போக நினைத்த ஒரு கூட்டம் என்பது வேறு விஷயம். நமக்கு உதவுகிற தீர்ப்புகளில் பலவற்றை நாம் வீட்டுக்குள் விடமாட்டாத ஆட்கள்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஐ.நா. கருத்துரையும் போலீஸ் செலவை ஏற்பாட்டாளர் தலையில் கட்டுவது பொதுவாகச் சரியில்லை என்கிறது. தொகை கேட்டால் கணக்கைக் கேளுங்கள்: எந்த விதி, எந்த விகிதம், சென்ற வருடம் வேறு யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள்?

ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் நடத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

யாரைப் பார்த்துக் கத்துகிறோமோ அவருக்குக் கண்ணிலும் காதிலும் படுகிற தூரத்தில் நிற்க, முடிந்தவரை விட வேண்டும் என்பது ஐ.நா. கருத்துரையின் நிலை. சந்தைக்கு எதிரான போராட்டத்தைச் சுடுகாட்டுப் பக்கம் நடத்தச் சொன்னால் அது அனுமதி இல்லை, மறைமுக மறுப்பு.

டெல்லி ஜந்தர் மந்தர் பகுதியில் போராட்டங்கள் கூடாது, ராம்லீலா மைதானத்துக்குப் போங்கள் என்று 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. சத்தத்தால் குடியிருப்பவர்களுக்குத் தொல்லை என்பது காரணம். அது பொய்க் காரணமும் இல்லை. மாதக்கணக்காக ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமா? 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முழுத் தடை கூடாது என்றது. இரு தரப்பையும் சமன்செய்யும் வழிமுறைகளை வகுக்கச் சொல்லிப் பொறுப்பைப் போலீஸிடம் விட்டது.

மறுபக்கமும் உண்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் சாலையில் உட்கார்ந்த ஷாஹீன் பாக் போராட்ட வழக்கில் 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம், போராட உரிமை உண்டு, ஆனால் பொது வழியைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது, ஒதுக்கிய இடங்களில்தான் நடத்த வேண்டும் என்று சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. ‘ஒதுக்கிய இடம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எதையும் மறுக்கலாம். ஆனாலும் இந்தியாவில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போடக் கூடாது. இடத்தை மாற்றச் சொன்னால் வெறுமனே ‘முடியாது’ என்று எழுதாமல், இலக்கிலிருந்து பார்வைக்கு எட்டுகிற இரண்டு மாற்று இடங்களை நீங்களே வரைபடத்தோடு கொடுங்கள். நீதிபதிக்குப் பிடித்த ஆள் விட்டுக்கொடுக்கிற ஆள்தான்.

எதிர்த்தரப்பு வந்து கலாட்டா செய்யும், அதனால் உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறார்கள். நியாயமா?

இல்லை. இதற்குப் பதில் 1882லேயே சொல்லியாகிவிட்டது. இங்கிலாந்தில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடலோர ஊரில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு மேளதாளத்தோடு ஊர்வலம் போகும். அதை அடிப்பதற்கென்றே ‘எலும்புக்கூட்டுச் சேனை’ என்று ஒரு கும்பல் கிளம்பும். ஊர் நீதிபதிகள் அடிக்கிறவனை விட்டுவிட்டுப் பாடுகிறவனைத் தடை செய்தார்கள். மேல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சட்டப்படி நடக்கிற ஒருவர், இன்னொருவர் சட்டத்தை மீறுவார் என்பதற்காகக் குற்றவாளி ஆக முடியாது.

1965இல் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியின் வீட்டைச் சுற்றி, பள்ளிகளில் இனப்பாகுபாட்டை எதிர்த்து அமைதியாக நடந்தவர்கள் மேல் அக்கம்பக்கத்தார் கல்லும் முட்டையும் எறிந்தார்கள். போலீஸ் நடந்தவர்களைக் கைது செய்தது. 1969இல் அந்தத் தண்டனை ரத்தானது.

தடையை மீறி நடத்தலாமா?

சட்டப்படி என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். இதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

1963 ஏப்ரல் தொடக்கத்தில் கறுப்பினத்தவர் இயக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி அனுமதி கேட்டுப் போனார். நகரப் பாதுகாப்பு ஆணையர் ‘புல்’ கானர், அனுமதி கிடைக்காது, உங்களைச் சிறைக்குத்தான் அனுப்புவேன் என்ற பொருளில் பதில் சொன்னார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். சில நாள் கழித்துப் பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் தந்தி அடித்துக் கேட்டார். அதற்கும் அதே கதிதான். இதற்கிடையே நகராட்சி ஒரு காரியம் செய்தது. மாநில நீதிமன்றத்துக்குப் போய், அனுமதி இல்லாமல் ஊர்வலம் போகக் கூடாது என்று இரவோடு இரவாகத் தடையுத்தரவு வாங்கியது.

ஏப்ரல் 12, புனித வெள்ளி. 52 பேர் கிளம்பினார்கள். இரண்டிரண்டு பேராக, நடைபாதையில், சிக்னலுக்கு நின்று, நாலு தெரு நடந்தார்கள். ஒரு காருக்குக்கூட இடைஞ்சல் இல்லை என்பது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. கைது செய்தார்கள். அந்த ஒரே நடையிலிருந்து இரண்டு வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

ஒன்றில், அனுமதியின்றி ஊர்வலம் போனதாக நகர விதியின் கீழ் ஷட்டில்ஸ்வொர்த்துக்கு அபராதம் கட்டாததையும் சேர்த்து 138 நாள் கடின உழைப்புத் தண்டனை. பொது நலன், ஒழுக்கம், வசதி என்று எதையாவது சொல்லி மறுக்க அந்த விதி அனுமதித்ததால் அது செல்லாத விதி. செல்லாத விதியை மீறியது குற்றமில்லை என்று 1969இல் விடுவித்தார்கள். இன்னொன்று, நீதிமன்றத் தடையுத்தரவை மீறிய வழக்கு. மார்ட்டின் லூதர் கிங்கும் இதில் ஒருவர். இங்கே 1967இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தோற்றார்கள். உத்தரவு தவறானதாகவே இருக்கட்டும், முதலில் நீதிமன்றத்தில் எதிர்த்திருக்க வேண்டும், மீறியிருக்கக் கூடாது என்றது பெரும்பான்மை. ஐந்து நாள் சிறை, 50 டாலர் அபராதம். கிங் அந்த இலையுதிர் காலத்தில் போய் அனுபவித்தார்.

எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. விதி செல்லாது, ஆனால் அதே விதியைப் பிரதியெடுத்த தடையுத்தரவு மட்டும் செல்லுமாம்! ஆனால் நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. அதிகாரியின் ‘முடியாது’ என்ற கடிதம் ஒரு ரகம், நீதிபதியின் கையெழுத்துப் போட்ட தடை வேறு ரகம். பின்னது உங்கள் கைக்கு வந்தால் வழக்கறிஞரைப் பார்க்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள். மீறத்தான் போகிறோம் என்று முடிவு செய்தால், வருகிற ஒவ்வொருவருக்கும் முந்தைய நாளே அதைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட கல்லூரிப் பையனின் அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

144 போட்டிருக்கிறார்களாமே?

கூட்டம் கூடுவதைத் தடை செய்யப் பயன்படும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவுதான் 144. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 163ஆம் பிரிவு. வாயில் இன்னும் 144தான் வருகிறது, பரவாயில்லை. ஓர் உத்தரவு அதிகபட்சம் இரண்டு மாதம். மாநில அரசு மட்டும் மேற்கொண்டு ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள்: நியாயமான கருத்து வெளிப்பாட்டை அடக்க இதைப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும், திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம். முதல் வேலையாக உத்தரவின் நகலைக் கேளுங்கள். வாய்மொழியாக மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற 144களை நான் பார்த்திருக்கிறேன்.

திடீரென்று கூட வேண்டிய நிலை வந்தால்?

காலையில் ஒருவர் காவலில் இறந்திருக்கிறார், மாலையில் கூடுகிறீர்கள். 48 மணி நேரத்துக்கு எங்கே போவது? ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் 1985இல் ப்ரோக்டார்ஃப் வழக்கில், தன்னெழுச்சியான கூட்டத்துக்கு முன்னறிவிப்பு விதி பொருந்தாது என்று விளக்கியது. ஹங்கேரியில் முன்னறிவிப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அமைதியான கூட்டத்தைக் கலைத்தது தவறு என்று 2007இல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொன்னது. கூடுவதற்கு முன் ஒரு மின்னஞ்சலாவது தட்டிவிடுங்கள்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்றால்?

2011இல் ‘வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்’ போராட்டத்தில் நியூயார்க் ஜுக்கோட்டி பூங்காவில் உட்கார்ந்தவர்களுக்கும் இதே நிலை. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார், கேட்கிற தூரத்தில் இருப்பவர்கள் அதையே ஒரே குரலில் பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்வார்கள். பேச்சு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். வளவளவென்று பேசுகிறவர்கள் தானாக அடங்கிவிடுவார்கள் என்பது கூடுதல் லாபம்.

துண்டறிக்கை கொடுத்தால் குப்பை என்று அபராதம் போடுகிறார்கள்.

வாங்கிக் கீழே போட்டவருக்குப் போடட்டும். கொடுத்தவரைத் தடுக்கத் தெருத் தூய்மை போதிய காரணம் இல்லை என்று 1939லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. போகும்போது நாலு பேரை விட்டு அந்தத் தெருவைப் பொறுக்கிச் சுத்தம் செய்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எப்போதும் நள்ளிரவில் வந்து கலைக்கிறார்கள்?

2011 ஜூன் 5 அதிகாலை ஒரு மணி வாக்கில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் உண்ணாவிரதப் பந்தலில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் எழுப்பிக் கண்ணீர்ப்புகை வீசி விரட்டியது. அதே வருடம் நவம்பர் 15, அதே ஒரு மணி வாக்கில் ஜுக்கோட்டி பூங்கா. கொழும்பு காலிமுகத்திடலில் 2022 ஜூலை 22, நள்ளிரவு தாண்டி ராணுவம் இறங்கியது. அன்று மதியம் ஜனாதிபதி செயலகத்தைக் காலி செய்து தருகிறோம் என்று போராட்டக்காரர்கள் முன்பே அறிவித்திருந்தார்கள். மூன்று நாடு, ஒரே கடிகாரம். கேமரா குறைவு, நீதிமன்றம் பூட்டியிருக்கும், ஆட்கள் குறைவு, இருப்பவர்களும் தூக்கத்தில்.

ராம்லீலா சம்பவத்தில் 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் தூங்குகிற கூட்டத்தின் மேல் அப்படி இறங்கியதைக் கண்டித்தது. தூக்கமும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பில் எழுதினார்கள். நியூயார்க்கில் பூங்காவில் இருந்த நூலகத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நாசமான புத்தகங்களுக்காக 2013இல் 47,000 டாலர் தர நகராட்சி ஒப்புக்கொண்டது.

இரவுத் தங்கல் போராட்டம் என்றால் நேரம் பிரித்து விழித்திருக்க ஆள் போடுங்கள். வழக்கறிஞரின் இரவு எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், போனைத்தான் முதலில் பிடுங்குவார்கள். முதியவர்களும் குழந்தைகளும் வெளியேறும் வழி அருகே படுக்கட்டும். மருந்துகள் எங்கே இருக்கின்றன என்று இருட்டில் தெரிய வேண்டும்.

கூட்டத்தில் ஒருவன் கல் எறிந்தால் எல்லாரும் குற்றவாளியா?

ஒரு சிலரின் வன்முறையை மற்றவர்கள் தலையில் கட்டக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். ஆனால் இந்தியாவில் ஐந்து பேரோ அதற்கு மேலோ பொது நோக்கத்தோடு சட்டவிரோதமாகக் கூடினால் ஒருவர் செய்தது எல்லார் மேலும் விழக்கூடிய சட்டப்பிரிவு இருக்கிறது. அதனால் தொண்டர்களுக்குச் சட்டையில் அடையாளம், கையில் கேமரா. எறிந்தவரிடமிருந்து உடனே விலகி நில்லுங்கள், விலகியது பதிவாகட்டும்.

பிடித்துக்கொண்டு போனால்?

காரணம் கேளுங்கள். எந்த நிலையம் என்று சத்தமாகக் கேளுங்கள், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கட்டும். இந்தியாவில் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். சூரியன் மறைந்த பின் பெண்களைச் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது. படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விவாதம் செய்து ஜெயிக்கிற இடம் வேன் இல்லை.

கைது என்றே சொல்லாமல் சுற்றி வளைத்து நிறுத்திவிடுவதும் உண்டு. லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் 2001 மே 1ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்களை ஏழு மணி நேரம் அப்படி நிறுத்தினார்கள். அந்தச் சூழ்நிலையில் அது சுதந்திரப் பறிப்பு ஆகாது என்று 2012இல் ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் இல்லாமல் கூட்டத்துக்கு வராதீர்கள்.

ஒரு தரப்புக்கு மட்டும் எப்போதும் கிடைக்கிறது, எங்களுக்கு மட்டும் இல்லை. இதை எப்படி நிரூபிப்பது?

அமெரிக்காவின் மேரிலாந்தில் ஹாவ்ர் டி கிரேஸ் என்ற சிற்றூர். பூங்காவில் கூட்டம் நடத்த எல்லாருக்கும் வழக்கமாக அனுமதி கிடைக்கும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கேட்டபோது நகரமன்றம் அவர்களை உட்கார வைத்துக் கொடிக்கு வணக்கம் செலுத்துவீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு மறுத்தது. பூங்காவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. 1951இல் அந்த வழக்கு ஜெயித்ததற்கு, மற்றவர்களுக்குக் கொடுத்த வழக்கம் நிரூபணமானது முக்கியக் காரணம்.

நீங்களும் அந்த வழக்கத்தைத்தான் திரட்ட வேண்டும். தகவல் அறியும் சட்டம் இருக்கிற நாட்டில் இது கை வேலை. மூன்று வருடத்தில் வந்த விண்ணப்பங்கள், விண்ணப்பித்த தேதி, முடிவு சொன்ன தேதி, இடம், கட்டணம், மறுப்புக் காரணம் என்று கேளுங்கள். இந்தியாவில் 30 நாள், பிரிட்டனில் 20 வேலை நாள் கெடு. ‘ஏன் பாரபட்சம் காட்டுகிறீர்கள்?’ என்று கேட்டால் ஒன்றும் வராது. பதிவேட்டின் நகலைக் கேட்டால் வரும்.

நாங்கள் ஒரு தடவை கேட்டு வாங்கினோம். அறுபத்து மூன்று பக்கம், பாதி தலைகீழாக ஸ்கேன் செய்தது. மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அட்டவணை போட்டோம். ஆளும் தரப்புக் கூட்டங்களுக்கு முடிவு சொல்ல ஒன்றிரண்டு நாள், எங்களைப் போன்றவர்களுக்குப் பதினாறு, பதினெட்டு. ஒரு வரிசையில் விண்ணப்பம் வந்த தேதிக்கு முந்தைய நாளே அனுமதி கொடுத்திருந்தார்கள். அன்றைக்கும் தேதிச் சக்கரத்தைத் திருப்ப மறந்தார்களோ என்னவோ, அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக நகலெடுத்து மனுவோடு இணைத்தோம்.